‘சித்த இருங்க’ என்று சொன்ன திரை

கணபதி பகுதியில் நான் வேலை பார்க்கும் பம்ப் பட்டறையில் ஒவ்வொரு பம்புக்கும் ஒரு டெஸ்ட் நம்பர் உண்டு. பம்பைத் தொட்டியில் இறக்கி ஓட்டிப் பார்த்து, தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது, மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று குறித்து, நம்பர் போட்டு, சர்டிபிகேட் அடித்த பிறகுதான் பம்ப் கேட்டைத் தாண்டும். நம்பர்கள் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கின்றன. அதை ரிஜிஸ்டர் என்போம். ரிஜிஸ்டர் இருப்பது சர்வரில். சர்வர் இருப்பது மாடிப்படிக்குக் கீழே, முன்பு துடைப்பங்கள் இருந்த அறையில். டெஸ்ட் பெஞ்ச், மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங், ஸ்டோர்ஸ், ஆபீஸ் என்று நான்கு இடத்துக் கம்ப்யூட்டர்கள் கேபிள் வழியாக அந்த ஒரே ஃபைலைத் திறந்து எழுதுகின்றன.

நான் சேர்ந்தது கேபிள் இழுக்கத்தான். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் அந்தியூருக்குப் பக்கத்தில் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். பாலிடெக்னிக் முடித்துவிட்டு, துடியலூரில் ஒரு அறை எடுத்துக்கொண்டு, ஏணியும் கேபிள் முனையை அழுத்தும் கிரிம்பிங் பிளேயருமாகப் பட்டறையைச் சுற்றி வந்தேன். ஆனால் புரோகிராம் எழுதத் தெரியும். அதை யாரும் கேட்கவில்லை என்பதால் நானாகவே சொல்லிக்கொண்டிருந்தேன்.

சொல்ல ஒரு சந்தர்ப்பம் வந்தது. ஒரு நாள் இரண்டு பம்புகளுக்கு ஒரே நம்பர் விழுந்துவிட்டது. டெஸ்ட் பெஞ்ச் அக்கா ஒரு புது பம்பைப் பதிந்த அதே நொடியில், சர்வீஸுக்குத் திரும்பி வந்த ஒரு பம்பை ஸ்டோர்ஸ் அண்ணன் பதிந்திருக்கிறார். பழைய புரோகிராம் இருவருக்கும் கடைசி நம்பரைக் காட்டி, இருவருக்கும் அடுத்த நம்பரைக் கொடுத்துவிட்டது. யார் பம்ப் எது என்று கண்டுபிடிக்க முதலாளியே இரண்டு நாள் அலைந்தார். நான் போய், இதற்கு ஒரு வழி இருக்கிறது என்றேன்.

வழி பழையதுதான். எழுதப் போகிறவர் முதலில் சர்வரிடம் ஃபைலுக்குப் பூட்டுக் கேட்க வேண்டும். கிடைத்தால் எழுதலாம். எழுதி முடித்ததும் விட்டுவிட வேண்டும். வேறொருவர் பிடித்திருந்தால் என்ன செய்வது என்பதில் இரண்டு முறை உண்டு. ஒன்று, இல்லை என்று உடனே திருப்பி அனுப்புவது. இன்னொன்று, கிடைக்கும்வரை நிறுத்தி வைப்பது. நான் முதலாவதைத்தான் முதலில் எழுதினேன். ஃபைல் பிஸி என்று திரையில் வந்து நிற்கும். ஒரு வாரம் தாங்கவில்லை. ஸ்டோர்ஸ் அண்ணன் எல்லார் முன்னாலும் சொன்னார்: “தம்பி, உங்க புரோகிராமு அப்படியே தாலுக்கா ஆபீசுங்க. எப்பப் போனாலும் அப்பறம் வாங்கங்குது.”

அதனால் இரண்டாவது முறைக்கு மாற்றினேன். கேட்ட கம்ப்யூட்டர் அப்படியே காத்திருக்கும். பூட்டு காலியானதும் சர்வர் அதைக் கூப்பிட்டுக் கொடுக்கும். காத்திருக்கும் நேரத்தில் திரை வெறுமனே நின்றால் ஆட்கள் பயந்து சுவிட்சை அணைத்துவிடுவார்கள் என்று யோசித்து ஒரு வாசகமும் போட்டேன். அதை எழுதும்போது எனக்கு இருந்த பெருமை சொல்லி முடியாது. பிஸி, எர்ரர் என்றெல்லாம் இல்லாமல் நம் ஊர் ஆள் பக்கத்தில் நின்று சொல்வதுபோல, ‘சித்த இருங்க. உங்க முறை வந்துரும்’ என்று எழுதினேன்.

எல்லாருக்கும் பிடித்துப்போனது. முதலாளிக்கும் பிடித்தது, ஆனால் அவர் சென்னைக் கம்பெனி ஒன்றிடம் ரெடிமேட் பேக்கேஜ் வாங்கப் பேசி வைத்திருந்தார். என்னைக் கூப்பிட்டு, நாற்காலியைக் காட்டி, நான் உட்கார்ந்த பிறகு சொன்னார்.

“விஜயதசமி வரைக்கும் பாக்கலாமுங்க தம்பி. வேல நிக்காம ஓடுச்சுன்னா இந்தப் புரோகிராமு உங்க பொறுப்பு. ஒரு நாள் நின்னாலும் சென்னைக்காரங்கள வரச் சொல்லிப்போடுவேன். நீங்க பழையபடி கேபிளப் பாருங்க.”

நிற்காதுங்க என்றேன். அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. மாதக்கணக்கில் நிற்கவும் இல்லை.

ஆயுத பூசை வந்தது. பட்டறையைக் கழுவி, லேத்துகளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, வாழைக் கன்று கட்டி, பட்டறையே வேறு இடம்போல் ஆகிவிட்டது. நான் சர்ச்சுக்குப் போகிறவன். பூசையில் ஓரமாக நின்று, பொரிகடலைப் பொட்டலத்தை மட்டும் வாங்கிக்கொள்வேன். சர்வரை மட்டும் அணைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே எல்லாரிடமும் சொல்லி வைத்தேன். அணைக்கவில்லை. அதற்கும் ஒரு முழம் பூவைச் சாத்திவிட்டு, மரியாதையாகக் கதவைச் சாத்திவிட்டுப் போனார்கள். நானும் நிம்மதியாக அறைக்குப் போனேன்.

மறுநாள் விஜயதசமி. எங்கள் பட்டறையில் அன்றைக்கு ஒரு வழக்கம். மெசின்களுக்கு விடியலிலேயே மறுபூசை முடிந்துவிடும். அதன் பிறகு நல்ல நேரத்துக்குள் ஒரு பம்பை டெஸ்ட் செய்து, சர்டிபிகேட் அடித்து, வருடத்தின் முதல் பம்பாகக் கொடுப்பார்கள். வருடா வருடம் அதை வாங்கிக்கொள்ள பல்லடத்துப் பக்கமிருந்து ஒரு தோட்டத்துக்காரர் டெம்போவோடு வருவார். அந்த வருடம் நல்ல நேரம் பத்தரை வரைக்கும் என்று முதலாளி எல்லாரிடமும் சொல்லியிருந்தார்.

நான் ஒன்பதேகாலுக்குப் போய்ச் சேர்ந்தேன். டெஸ்ட் பெஞ்ச் அக்கா நாற்காலியில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொட்டியில் பம்ப் ஓட்டி முடிக்கப்பட்டு, ஈரத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது. திரையில் என் வாசகம்.

எவ்வளவு நேரமாக என்று கேட்டேன். ஏழரையில் இருந்து என்றார். சத்தமாகவே கேட்டுவிட்டேன், ஏன் எனக்கு ஒரு போன் செய்யவில்லை என்று.

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் குற்றம் சொல்லும் தொனிகூட இல்லை. “உன்ற மிசினுதான கண்ணு இருக்கச் சொல்லுச்சு? நல்ல வார்த்தையாச் சொல்லுது. எந்திரிச்சுப் போனா முறை போயிருமோன்னு தண்ணி குடிக்கக்கூடப் போகல.”

போய்ப் பார்த்தால் வைண்டிங்கிலும் அதே கதை. அங்கே இருந்த பையன் திரைக்கு முன்னால் பொரியைத் தின்றுகொண்டு காத்திருந்தான். ஆபீஸில் இருந்தவரும் காத்திருந்தார். மூன்று பேர், மூன்று இடத்தில், ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒரே வாசகத்துக்கு மரியாதை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எர்ரர் என்று வந்திருந்தால் ஐந்தாவது நிமிடம் சண்டைக்கு வந்திருப்பார்கள்.

இங்கே என் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க நானும் அவரும் ஒருமுறை தாலுக்கா ஆபீஸுக்குப் போயிருந்தோம். கூப்பிடுகிறேன், உட்காருங்கள் என்று சொன்ன எழுத்தர் சாப்பிடப் போனவர் அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார். அப்பா நாலு மணி வரைக்கும் பெஞ்சை விட்டு அசையவில்லை. பக்கத்து மேசையில் கேட்கலாம் என்று நான் எழுந்தால் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். கூப்பிடுவார்கள் என்பது ஒன்றுதான் அவர் பதில். வாழ்நாள் முழுக்க யார் வாசலிலாவது நின்று, கூப்பிட்ட பிறகு உள்ளே போய்ப் பழகியவர். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. அந்தக் கோபத்தோடு படித்து வந்த நான்தான், ஒரு அக்காவை ஒன்றே முக்கால் மணி நேரம் தண்ணீர் குடிக்கவிடாமல் உட்கார வைக்கும் திரையை எழுதியிருக்கிறேன்.

அதை யோசிக்க அப்போது நேரம் இல்லை. பூட்டு யார் கையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். என் பையில் இருந்த லேப்டாப்பை எடுத்துச் சர்வருக்குள் போய்ப் பார்த்தேன். ரிஜிஸ்டரை ஒருவர் பிடித்திருக்கிறார் என்று மட்டும் காட்டியது. எந்தக் கம்ப்யூட்டர் என்று சொல்லவில்லை. நாங்கள் ஓட்டிய சர்வர் மென்பொருள் பழைய ரகம், அது அவ்வளவுதான் சொல்லும். மூன்று பேர் காத்திருக்கிறார்கள் என்றால் பிடித்திருப்பது நான்காவது ஆள். ஸ்டோர்ஸுக்கு ஓடினேன்.

மேசையில் கீபோர்டு இருந்தது. மானிட்டர் இருந்தது. கம்ப்யூட்டர் பெட்டி இருந்த இடத்தில் தூசி இல்லாத ஒரு சதுரம் மட்டும் இருந்தது.

“ஏனுங்ணா, உங்க பொட்டி எங்கீங்ணா?”

“சாமிகிட்டங்க.” ஸ்டோர்ஸ் அண்ணன் இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்பதுபோலச் சொன்னார். வெர்னியர், மைக்ரோமீட்டர், சரக்கு நோட்டு எல்லாவற்றையும் ஆபீஸ் உள்ளறையில் பூசைக்கு அடுக்கியபோது, வருடம் முழுக்கச் சோறு போடும் கம்ப்யூட்டரை மட்டும் எப்படி விடுவது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. கேபிளைப் பிடுங்கி, ஒயரைப் பிடுங்கி, துணியால் துடைத்து, தூக்கிக்கொண்டு போய்ப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். பிடுங்கும்போது திரையில் ஏதாவது திறந்திருந்ததா என்று கேட்டேன். ஒரு திரும்பி வந்த பம்பைப் பாதி பதிந்திருந்ததாகவும், மீதியை வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதாகவும் சொன்னார்.

ஆபீஸ் உள்ளறையில் போய்ப் பார்த்தேன். பெட்டி நெற்றியில் மூன்று விரல் சந்தனத்தோடும் சாமந்தி மாலையோடும் ஸ்பேனர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தது. ஒயர் சுருட்டி மேலே வைக்கப்பட்டிருந்தது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே அது சாமிகிட்ட போய்விட்டது. போகிறேன் என்று சர்வரிடம் சொல்லவில்லை. அந்தப் பெட்டி மறுபடி எழுந்து வந்து, நான் நடுவில் அணைந்துபோனேன் என்று சொன்னால்தான் சர்வர் பூட்டை விடுவிக்கும். அதுவரை எத்தனை நாள் ஆனாலும் பிடித்தவருக்காக வைத்திருக்கும்.

சரி, பெட்டியை எடுத்து மாட்டிவிடலாம் என்றால், ஆபீஸ் பூசையை முதலாளியம்மா வந்துதான் கலைக்க வேண்டும். அவர் மருதமலைக்குப் போயிருந்தார். வரப் பதினொன்று ஆகும். மணி ஒன்பதே முக்கால். முதலாளி வந்துவிட்டார். தோட்டத்துக்காரரும் வந்து, கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்துவிட்டார்.

ஸ்டோர்ஸ் அண்ணன் என் காதருகில் குனிந்தார். “தம்பி, ஒண்ணு சொன்னாத் தப்பா நெனைக்காதீங்க. நீங்க தொட்டு எடுத்தா ஒண்ணுமில்லீங்க. உங்க சாமி வேறதானுங்க?”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உண்மையிலேயே சங்கடத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்த சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது. ஆனால் நான் எடுத்தால் அன்றைக்கு வேலை நடக்கும். அடுத்த வருடம் ஒரு மோட்டார் புகைந்தால், அந்தப் பூசையைக் கலைத்தது யார் என்று எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த ஞாபகம் எங்கள் ஊரில் எப்படி வேலை செய்யும் என்று எனக்குத் தெரியும்.

“தொடாமயே எடுக்கறேனுங்ணா,” என்றேன்.

செய்யக்கூடியது ஒன்று இருந்தது. சர்வரில் பூட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையை மட்டும் நிறுத்தி, மறுபடி தொடங்க வேண்டும். தொடங்கியதும் சர்வர் யாருக்கும் புதிதாகப் பூட்டுக் கொடுக்காது. ஒன்றரை நிமிடம் சும்மா இருக்கும். அந்த நேரத்தில், ஏற்கெனவே பூட்டு வைத்திருந்தவர்கள் உயிரோடு இருந்தால், என்னுடையது என்று சொல்லித் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். சொல்லாதவர்களின் பூட்டு போய்விடும். ஸ்டோர்ஸ் பெட்டியால் சொல்ல முடியாது.

இதில் ஒரு ஆபத்து உண்டு. பிடித்திருப்பவர் நிஜமாகவே எழுதிக்கொண்டிருக்கும்போது பிடியை உடைத்தால், மறுபடி இரண்டு பம்புக்கு ஒரு நம்பர் வரும். அதனால்தான் ஆபீஸ் வரைக்கும் போய் அந்தச் சுருட்டிய ஒயரை என் கண்ணால் பார்த்தேன். பாதி பதிந்த பம்பை அண்ணன் மறுபடி பதிய வேண்டியிருக்கும் என்றும் அவரிடம் சொன்னேன். அதுக்கென்னங்க என்றார். முதலில் அக்காவுக்குக் கிடைக்க வேண்டும் என்று வைண்டிங்கிலும் ஆபீஸிலும் பதிவுப் பக்கத்தை மூடச் சொல்லிவிட்டு வந்தேன்.

பத்து பத்துக்கு லேப்டாப்பை டெஸ்ட் பெஞ்சில் வைத்துக் கட்டளையைக் கொடுத்தேன். திரை மாறவில்லை. ‘சித்த இருங்க.’ முதலாளி என் பின்னால் வந்து நின்றார். கேட் பக்கம் பார்த்தேன். என் அப்பா யார் வாசலில் நின்று பழகினாரோ அப்படி ஒரு தோட்டத்துக்காரர், அவர் வயதுதான், நான் கூப்பிடுவதற்காக உட்கார்ந்திருந்தார். அதில் எனக்குச் சந்தோஷமே இல்லை என்று சொன்னால் பொய். ஒரு நொடி இருந்தது. பிறகு அக்காவின் மடியில் இருந்த கைகளைப் பார்த்தேன், போய்விட்டது.

ஒன்றரை நிமிடம் முடிந்தது. திரை அப்படியே இருந்தது. முதலாளி தொண்டையைச் செருமினார். எனக்குத் தெரியும், அக்காவின் கம்ப்யூட்டர் சர்வர் கூப்பிடும் என்று மட்டும் நம்பி இருக்காது. அரை நிமிடத்துக்கு ஒருமுறை அதுவாகவே போய்க் கேட்டுப் பார்க்கும். ஏழரையிலிருந்து அந்தப் பட்டறையில் கேட்டுக்கொண்டே இருந்தது அது ஒன்றுதான். இன்னும் ஒரு தடவை அது கேட்கட்டும் என்று நின்றேன்.

வாசகம் மறைந்தது. நம்பர் வந்தது.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, ஒன்றுமே நடக்காததுபோல ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார். பிரிண்டர் இழுத்தது. பத்து இருபதுக்கு முதலாளி சர்டிபிகேட்டில் மஞ்சள் தடவி, தோட்டத்துக்காரரிடம் கொடுத்தார். டெம்போ போனது. அக்கா முதல் வேலையாகப் போய்த் தண்ணீர் குடித்தார்.

முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார். மறுபடி அதே நாற்காலி.

“நின்னுபோச்சுங்களா, நிக்கலீங்களா தம்பி?”

பூசையில் வைத்ததால் வந்தது, அண்ணன் பிடுங்கியதால் வந்தது என்று சொல்ல இடமிருந்தது. அவரும் ஏற்றுக்கொண்டிருப்பார்.

“நின்னுபோச்சுங்க,” என்றேன். “பொட்டியப் புடுங்குனது காரணமில்லீங்க. கரண்ட் போனாக்கூட இதேதான் ஆயிருக்கும். ரெண்டு தப்பு என்னுதுங்க.”

இரண்டையும் சொன்னேன். எழுதும் அந்த ஒரு நொடிக்கு மட்டும் பிடிக்க வேண்டிய பூட்டை, பதிவுப் பக்கம் திறந்ததிலிருந்து மூடும்வரை பிடித்து வைக்கும்படி எழுதியிருந்தேன். அண்ணன் டீ குடிக்கப் போனாலும் பூட்டு அவரோடு போகும். இரண்டாவது, காத்திருக்கச் சொன்னேனே தவிர எதுவரைக்கும் என்று சொல்லவில்லை. யாருக்காகக் காத்திருக்கிறோம் என்றும் சொல்லவில்லை. ஒரு வாரத்தில் இரண்டையும் சரிசெய்கிறேன், சர்வரையும் புது ரகத்துக்கு மாற்றிவிடுகிறேன், அதில் அடிக்கடி குரல் கொடுக்காத கம்ப்யூட்டரிடமிருந்து பூட்டு தானாகவே போய்விடும் என்றேன். அதற்கு மேல் அவர் சென்னைக்காரர்களைக் கூப்பிட்டால் எனக்கு வருத்தம் இருக்கும், கோபம் இருக்காது என்றும் சொன்னேன்.

அவர் மேசையில் இருந்த பொரியை ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

“சென்னைக்காரங்க வந்து பாத்திருந்தா,” என்றார், “அந்தப் பொட்டியத் தூக்கிருப்பாங்க. என்ற ஊட்டுக்காரி வந்து பாத்திருந்தா, அப்பறம் நாந்தானுங்க கேபிளு இழுக்கோணும்.” பொரியைத் தள்ளி வைத்துவிட்டு, “ஒரு வாரமுங்க. எட்டாவது நாளு உங்களக் கேக்க மாட்டேன், சென்னைக்காரங்களத்தானுங்க கேப்பேன்” என்றார்.

ஆறு நாளில் முடித்தேன். இப்போது பூட்டு கண் இமைக்கும் நேரத்துக்கு மேல் யாரிடமும் இருப்பதில்லை. பிடிக்கும்போதே எந்த இடம், எத்தனை மணி என்று பக்கத்தில் ஒரு சின்ன ஃபைலில் எழுதிவிடுகிறது. யாராவது காத்திருக்க நேர்ந்தால், யார் கையில் இருக்கிறது, எத்தனை நொடியாக என்று திரை காட்டும். பத்து நொடி ஆகிவிட்டால் காத்திருப்பதை அதுவே நிறுத்திக்கொள்ளும். பழைய வாசகத்தை அழித்துவிட்டு, அதே தொனியில் வேறொன்று எழுதினேன்: ‘இன்னும் வரலீங்க. எந்திரிச்சு வந்து என்னைக் கேளுங்க.’

சென்னைப் பேச்சு அப்புறம் எழவில்லை. ஏணியை வைண்டிங் பையனிடம் கொடுத்துவிட்டார்கள்.

அந்தப் புது வாசகத்தை முதன்முதலில் பார்த்தது அக்காதான். சர்வரை மாற்றிய அன்று ஒரே ஒரு தடவை வந்தது. நான் படிக்கட்டுக்குக் கீழே குனிந்திருந்தபோது கதவில் நிழல் விழுந்தது. ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி நின்றார்.

“பத்து நொடி ஆச்சு கண்ணு. கேக்கச் சொல்லுச்சு, வந்துட்டேன்.”

“வாரேனுங்கக்கா,” என்று எழுந்தேன். அவர் வழிவிடவில்லை.

“அதுக்குள்ள இன்னொண்ணு கேக்கறேன். அந்த டெஸ்ட் பெஞ்சு சேருக்கு ஒரு காலு ஆடுது. ரெண்டு வருசமா யாராச்சும் பாப்பாங்கன்னு உக்காந்திருக்கறேன். அத ஆருகிட்டக் கேக்கோணும்?”